பட்டுப் பிரிவில் ஒரு நரைத்தலை

வருடத்துக்கு நான்கு முறை சாயக் கம்பெனி ஆள் வந்து புது நிற அட்டை கொடுத்துவிட்டுப் போவார். மடக்கு மடக்கான அட்டைப் புத்தகம். பக்கத்துக்குப் பக்கம் சாயம் ஏற்றிய முடிக்கற்றைகள் குட்டி வால்களைப் போல வரிசையாகத் தொங்கும். வசந்தம், கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம் என்று பிரித்திருப்பார்கள். ராஜபாளையத்தில் இலையுதிர்காலம் எப்போது வரும் என்று ஒருமுறை கேட்டேன். “அது ஒரு ஃபீல் மேடம்” என்றார்.

எங்கள் பார்லருக்கு வேறு பருவங்கள் உண்டு. நான் எதையும் வரிசை போட்டுத்தான் யோசிப்பேன். அலமாரிக் கதவின் உள்பக்கம் அதை எழுதி ஒட்டியிருந்தேன். ஆடியில் கல்யாணம் இல்லை, புருவம் மட்டும். ஆவணியில் மணப்பெண், அவளுடைய அக்கா, அத்தை மகள்கள், எல்லோருக்கும் பர்கண்டி என்கிற கருஞ்சிவப்பு. புரட்டாசியில் கடையைக் கழுவலாம். ஐப்பசியில் தீபாவளி, அதாவது நரை மறைப்பு. கருப்பும் அடர்பழுப்பும் தவிர எதுவும் ஓடாது. மார்கழியில் மறுபடி ஓய்வு. தையில் செம்பு நிறம். சித்திரையில் விடுமுறைக்கு வரும் கல்லூரிப் பெண்கள், காதுக்குப் பின்னால் உள்ளடுக்கில் மட்டும் ஒரு பட்டை நீலமோ சிவப்போ கேட்பார்கள். பின்னல் போட்டால் அது உள்ளே போய்விடும். அப்பாவுக்கும் தெரியாது, காலேஜுக்கும் தெரியாது.

இந்த வரிசைக்குள் அடங்காதவர்கள் மில் பெண்கள். எந்த மாதத்திலும் வருவார்கள், ஷிப்ட் முடிந்த கையோடு. தலை முழுக்கப் பஞ்சு ஒட்டியிருக்கும். முதலில் தலையை அலசாமல் முடி கருப்பா வெளுப்பா என்று சொல்ல முடியாது.

நான் படித்தது வேதியியல். பட்டம் வாங்கியபின் ஆய்வக வேலை எதுவும் அமையவில்லை. மதுரையில் ஒரு வருடம் முடி அலங்காரமும் சாயமும் முறையாகப் பயின்றேன். படித்த வேதியியல் அங்கே பயன்பட்டது. முடிக்குள் நிறம் எப்படி நுழைகிறது, எது திறக்கிறது, எது மூடுகிறது என்பது எனக்குக் கஷ்டமாகவே இல்லை. பிறகு ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கத்தில் ஓர் அக்கா நடத்தும் பார்லரில் சேர்ந்தேன். வீடு ஸ்ரீவில்லிபுத்தூர். தினமும் காலையில் ஒரே பஸ்.

அத்தை எனக்கு அந்த பஸ்ஸில்தான் பழக்கம். சொந்தமில்லை. ஐம்பதைத் தொடும் வயது. ராஜபாளையத்தில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவில் நின்றார். நானும் நாள் முழுக்க நிற்கிறவள் என்பதால், பஸ்ஸில் ஓர் இடம் கிடைத்தால் ஆளுக்குப் பாதி வழி உட்கார்ந்துகொள்வோம். முதல் நாள் நான் “அத்தை” என்று கூப்பிட்டதும் அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“ஏட்டி, அத்தைன்னு கூப்பிட்டு என்ன செய்ய? எனக்குப் பையன் இல்லயே. ஒரே ஒரு பொட்டப்பிள்ள. நர்சிங் படிக்கா, மதுரையில.”

“அவளையே கட்டிக்கிறேன் அத்தை.”

“கட்டிக்கோ. ஆஸ்டல் பீஸையும் நீயே கட்டிரு.”

சொந்த ஊர் வத்திராயிருப்புப் பக்கம் கான்சாபுரம். கணவர் லாரி ஓட்டியவர். மகள் பள்ளிக்கூடம் போகும்போதே இறந்துவிட்டார். அதன்பின் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒற்றை அறை வாடகைக்கு எடுத்துத் தங்கி, ஜவுளிக்கடை வேலையை வைத்தே மகளை வளர்த்திருந்தார். பட்டுப் பிரிவில் நிற்பது அவருக்குப் பெருமை. அங்கே கல்யாணக் குடும்பங்கள் வரும், உட்கார்ந்து பார்க்கும், பெயர் கேட்கும், மறுவருடம் தேடி வரும். “நான் விரிச்ச சேலைய மடிக்க விட்டதில்ல, எடுத்துட்டுத்தான் போவாவ” என்பார்.

அவருடைய முடி நல்ல அடர்த்தி. ஆனால் வேரில் நரை, நுனியில் தார் பூசியதைப் போன்ற கருப்பு. என் கண் முதலில் அங்கேதான் போனது. அடுத்ததாக நெற்றி ஓரத்தைப் பார்த்தேன். முடி தொடங்கும் கோடு முழுக்கத் தடித்துக் கறுத்து, தோல் உரிந்திருந்தது.

“இதென்ன அத்தை?”

“சூடு. மருதாணி போடுத அன்னைக்கெல்லாம் ஒடம்பு சூட்டக் கெளப்பி விட்டுருது. அரிக்கும், கண்ணு இமை வீங்கும். வெளக்கெண்ணெ வச்சு மோரு குடிச்சா ரெண்டு நாள்ல அமுங்கிரும்.”

அவர் போட்டது கருப்பு மருதாணி. கடையில் பாக்கெட்டில் கிடைக்கும் பொடி. எங்கள் பக்கத்தில் எத்தனையோ பெண்கள் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்: மருதாணி இலை, இலை கெடுதல் செய்யாது, ஆகவே அரிப்பு என் உடம்புச் சூடு. எண்ணெய் வைத்துக் குளித்து, மறு மாதம் மறுபடி அதே பொடி. அடுத்த நாள் அந்தப் பாக்கெட்டைக் கொண்டுவரச் சொன்னேன். மருதாணி இலை சிவப்பு மட்டும்தான் கொடுக்கும்; கருப்பு வேண்டுமென்றால் அதில் ஒரு ரசாயனம் சேர்க்க வேண்டும். அந்தப் பெயர் பாக்கெட்டின் மடிப்பில், எறும்பு அளவு எழுத்தில் இருந்தது. தோலுக்கு அது ஒருமுறை ஒவ்வாமல் போனால் பிறகு எப்போதும் ஒவ்வாது என்றும், ஒவ்வொரு முறையும் முந்தியதைவிட மோசமாக வரும் என்றும் அவரிடம் சொன்னேன்.

“அப்ப சூடு இல்லயா?”

“இல்ல அத்தை.”

“இத்தன வருசம் மோருக்கு எம்புட்டு செலவு பண்ணிருக்கேன்,” என்று சிரித்தார். பாக்கெட்டை ஜன்னல் வழியே எறிந்தார். அத்தோடு விட்டிருப்பார்தான். வேரிலிருந்து வெள்ளை இறங்க இறங்க, கொண்டையில் கூடுதலாகப் பூ வைத்துச் சமாளித்தார்.

புரட்டாசிக் கடைசியில் அவருடைய கடைக்குப் புது மேனேஜர் வந்தார். மதுரையில் பெரிய கடையில் இருந்தவராம், இளவயது. தீபாவளிக் கூட்டம் தொடங்குமுன் ஊழியர்களின் வாட்ஸப் குழுவில் அவர் ஒரு குரல்பதிவு போட்டார். அத்தை பஸ்ஸில் அதை எனக்குப் போட்டுக் காட்டினார். பட்டுப் பிரிவுப் பெண்கள் மாதுளை நிறச் சேலை கட்ட வேண்டும். ஒரே உயரத்தில் கொண்டை, ஒரு முழம் மல்லிகை. நரை தெரியக் கூடாது. தெரிகிறவர்கள் மேல்மாடிக்குப் போய்விடலாம்.

மேல்மாடி என்பது தகரக்கூரை போட்ட குடோன். பேல் எனும் துணிக்கட்டுகளைப் பிரிப்பது, ஸ்டிக்கர் ஒட்டுவது, மூட்டை ஏற்றி இறக்குவது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அங்கே ஆள் தேவை. பொங்கல் முடிந்ததும் தேவைப்படாது. இதுவரை மேலே அனுப்பப்பட்ட பெண்கள் யாரும் மறுபடி கீழே வந்ததில்லை, பொங்கலுக்குப் பிறகு வீட்டில்தான் இருக்கிறார்கள் என்று அத்தை சொன்னார். மகளுக்கு இன்னும் படிப்பு பாக்கி இருந்தது.

“அந்தக் கோட்டு போட்ட பய என் தலையவே பாக்கான்டீ. சேலையப் பாக்க மாட்டேங்கான். நீ கம்பெனிக் கலர் போட்டு விடு. நல்ல கம்பெனியாப் போடு.”

அன்று மாலை கடை விட்டதும் பார்லருக்கு வந்தார். நான் சாயத்தில் ஒரு துளியை முழங்கை மடிப்பில் தடவி, காயவிட்டு, இரண்டு நாள் தண்ணீர் படக் கூடாது என்றேன். பார்லர் அக்கா பார்த்துக்கொண்டே இருந்தார்.

“ஏட்டி, ராஜபாளையத்துல எவடீ கைக்கு டை அடிச்சிட்டு வீட்டுக்குப் போறா? தலைக்கு அடிச்சு அனுப்புவியா, இதப் போயி…”

“ஒத்துக்கலன்னா நம்ம மேலதான் வரும்க்கா.”

“அம்புட்டுப் படிச்சிருக்கா பாரு,” என்றார் அக்கா அத்தையிடம். “நீங்க பயப்படாதீங்க. நான் எத்தன தலைக்கு அடிச்சிருக்கேன்.”

மறுநாள் பஸ்ஸில் அத்தை முந்தானையைக் கைமேல் இறக்கிப் போட்டிருந்தார். மேல்கம்பியை இடது கையால் பிடித்திருந்தார். எப்போதும் வலது கையால் பிடிப்பவர்.

“காட்டுங்க.”

“கொசு கடிச்சிருக்கு.”

“காட்டுங்க அத்தை.”

முழங்கை மடிப்பு சிவந்து, கொப்புளம் கட்டி, ஒரு கொப்புளம் உடைந்து நீர் வடிந்திருந்தது. இரண்டு நாள் ஆகவில்லை, ஓர் இரவுதான். இனி வாழ்நாளில் எந்தச் சாயமும் போடக் கூடாது என்றேன். கம்பெனிச் சாயத்திலும் பாக்கெட் பொடியிலும் இருப்பது ஒன்றேதான், பெட்டிதான் வேறு என்றேன். அக்காவிடம் அந்தக் கையைக் காட்டியபோது அவர் சாயக் கிண்ணத்தை எடுத்து ஓரமாக வைத்தார். “வேண்டாம்மா. நீங்க அப்பிடியே அழகாத்தான் இருக்கீங்க,” என்று மட்டும் சொன்னார்.

“அழகுக்கா கேக்கேன்?” என்றார் அத்தை.

அடுத்த நாள் பஸ்ஸில் வேறு வழிகளை வரிசைப்படுத்திச் சொன்னேன். வெறும் மருதாணி: நரையில் போட்டால் ஆரஞ்சாக வரும், மேனேஜருக்கு அது நரையைவிடக் கோபம் வரும். நரை மறைக்கும் மை: வேரில் தீட்டிக்கொள்ளலாம், ஆனால் வியர்வையில் வழியும், பட்டில் ஒரு சொட்டு விழுந்தால் அந்தச் சேலையை அத்தை தலையிலேயே கட்டுவார்கள். முழு விக்: அந்தக் கூட்டத்திலும் புழுக்கத்திலும் புண்பட்ட தோலுக்கு மேல் முடியாது. மருதாணி போட்டு அலசி, அதன்மேல் நீலச்சாயம் தரும் அவுரி: கருப்பு வரும், இலைதான், ஆனால் அரை நாள் உட்கார வேண்டும், சீக்கிரம் வெளுக்கும்.

“வேலைய விட்டுட்டு வீட்ல கெடன்னு ஒண்ணு சொல்லலியே?”

“அது கடைசி.”

“அப்ப அவுரி.”

சுத்தமான அவுரிப் பொடியை நான் மதுரையில் தெரிந்த இடத்தில் சொல்லி வரவழைத்தேன். அதையும் முதலில் கையில் வைத்துப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. தீபாவளிக்கு முன் அவருக்குக் கிடைத்த கடைசி வார விடுமுறையில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். மருதாணி, அலசல், பிறகு அவுரி. நனைந்த மாட்டுத்தீவனம் போல ஒரு வாசனை. பச்சைக் குழம்பு காற்றுப் பட்டு மேலே நீலமாக மாறும். பிளாஸ்டிக் உறையைக் கட்டிவிட்டேன். அத்தை அந்தக் கோலத்திலேயே சாப்பிட்டார், மகளோடு வீடியோவில் பேசினார், “உங்கம்மா இப்ப பச்சக் கிளிடீ” என்றார். மகள் சிரிக்கவில்லை. அம்மா, நெத்திப் புண்ணு ஆறட்டுமே, என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

மறுநாள் நல்ல கருப்பாகிவிட்டது. பஸ்ஸில் கண்டக்டர், “யக்கா, வயசு கொறஞ்சிட்டு போல, அரை டிக்கெட் தரட்டுமா?” என்றார். அந்த வாரம் முழுக்க அத்தை உட்கார இடம் கிடைத்தாலும் நின்றுகொண்டே வந்தார்.

பத்து நாள் தாங்கவில்லை. நெற்றிக்கு மேலும் காதோரமும் இருந்த முரட்டு நரையில் மருதாணி சரியாகப் பிடிக்காமல் சிவப்பு போய், அவுரியின் நீலம் மட்டும் நின்றது. வெளி வெளிச்சத்தில் தெரியாது. ஜவுளிக்கடைப் பட்டுப் பிரிவில் சேலையின் நிறம் துல்லியமாகத் தெரிய வேண்டுமென்று வெள்ளை விளக்குகளை நெருக்கமாகப் போட்டிருப்பார்கள். அதன்கீழே எதுவும் தப்பாது. மேனேஜர் வாடிக்கையாளர்களுக்கு முன்னால் சொன்னாராம்: “அக்கா, மயில்கழுத்துக் கலர் சேலையில இருந்தாத்தான் அழகு. தலையில வேண்டாம்.” பெண் வீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். அத்தையும் சேர்ந்து சிரித்திருக்கிறார்.

“நாளைக்குச் சரி பண்ணிட்டு வாங்க, இல்லன்னா நாளைக்கே மேலன்னு சொல்லிட்டான்.”

வார விடுமுறையெல்லாம் ரத்து செய்திருந்தார்கள். கடை விட்டு பஸ் பிடித்து வீடு சேரவே வெகுநேரமாகும். அரை நாள் அவுரிக்கு எங்கே போவது? காலையில் கொஞ்சம் தாமதமாக வருவதாகக் கேட்டுப் பாருங்கள், நான் அதிகாலையிலேயே வந்து போட்டு விடுகிறேன் என்றேன். பார்க்கலாம் என்றார். இறங்கும்போது என் கன்னத்தைத் தட்டினார்.

மறுநாள் பஸ்ஸில் அவர் ஏறவில்லை. ராஜபாளையம் போய்ச் சேரும்வரை போன் அடித்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் எடுத்தது பக்கத்து வீட்டுக்காரப் பெண்.

“மூஞ்சி வீங்கிப்போச்சும்மா. மூச்சு விட முடியல. ஆட்டோவுல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்துட்டோம். எதயோ தலைக்குத் தேச்சிருக்காவ.”

எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸில் ஏறித் திரும்பினேன். என்ன தேய்த்தார் என்று தெரிந்துகொள்ள முதலில் அவர் அறைக்குப் போனேன்; கதவு திறந்தே கிடந்தது. கிண்ணத்தில் மிச்சம் கருகிப்போய் இருந்தது, பக்கத்தில் பாக்கெட். மூலிகை என்று பெரிதாகப் போட்டிருந்தது. ஓர் இலைப் படம். அவுரி, நெல்லி, கரிசாலை என்று வரிசை. பத்தே நிமிடத்தில் என்று நட்சத்திரத்துக்குள் எழுதியிருந்தார்கள். மடிப்பைப் பிரித்துப் பார்த்தேன். அதே பெயர், அதே எறும்பு எழுத்து.

மருத்துவமனையில் அந்தப் பாக்கெட்டைக் கொடுத்து டாக்டரிடம் விவரம் சொன்னேன். ஊசி ஏற்கெனவே போட்டிருந்தார்கள். வார்டில் எந்தக் கட்டில் என்று கேட்கத்தான் வேண்டியிருந்தது; முகம் அடையாளம் தெரியவில்லை. கண்கள் இரண்டும் இரண்டு கோடுகள். உதடு தடித்து ஒரு பக்கம் புரண்டிருந்தது. தலையிலிருந்து நீர் வடிந்து தலையணையில் கருப்புக் கறை பரவிக்கொண்டிருந்தது. என் குரலைக் கேட்டதும் கையை மட்டும் தூக்கினார். மணிக்கட்டில் விரலை வைத்துக் காட்டினார். எனக்குப் புரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரப் பெண்தான் சொன்னார்:

“மணி என்னன்னு கேக்காவ. கடைக்கு நேரமாயிட்டாம்.”

மகள் மதியம் மதுரையிலிருந்து வந்து சேர்ந்தாள். அவளை நான் நேரில் பார்த்தது அன்றுதான். அம்மாவின் அதே முடி, இடுப்புக்குக் கீழே பின்னல். அழவில்லை. நாடி பிடித்தாள், சார்ட்டைப் படித்தாள், கறைபட்ட உறையை மாற்றினாள். பிறகு கழிப்பறைப் பக்கம் போய் வெகுநேரம் வரவில்லை.

மூச்சு இரண்டு நாளில் சரியாகிவிட்டது. தலைதான் ஆறவில்லை. முடியும் சீழும் ஒட்டிக் காய்ந்து, மருந்து தோலில் படவே இல்லை. முடியை எடுத்துவிடுங்கள் என்றார்கள். அத்தை, வெளியாள் வேண்டாம், நான்தான் எடுக்க வேண்டும் என்றார். குரல் இன்னும் கரகரத்தது.

தலைமுடியைப் பகுதி பகுதியாகப் பிரித்து கிளிப் போடுவதுதான் எந்த வேலைக்கும் எங்கள் முதல் பாடம். பழக்கத்தில் அப்படியே பிரித்தேன். பிறகுதான் எதற்கு இது என்று தோன்றியது. முதலில் கத்தரியால் குறைத்தேன், பிறகு மெஷினை உயர்த்திப் பிடித்து ஓட்டினேன். ஒட்டிய இடங்களில் உப்புநீர் விட்டு ஊறவைத்து எடுக்க வேண்டியிருந்தது. மகள் பஞ்சால் ஒற்றிக்கொண்டே வந்தாள். அத்தை கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முடி விரித்திருந்த பேப்பரில் விழுந்தது: நுனியில் பழைய தார்க் கருப்பு, நடுவில் புதுப் பொடி ஏறாமல் விட்ட மயில்கழுத்து நீலம், வேரில் வெள்ளை.

முடிந்ததும் தலையைத் தடவப் போனார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“இருக்கன்குடி ஆத்தாவுக்கு மொட்டைன்னு சொல்லிருவோம்” என்றார்.

“என்னது?”

“கடையில. மகளுக்காக நேந்துக்கிட்டேன், முடியெறக்கிட்டேன்னு சொல்லிருவேன். சாமிக்குப் போட்ட மொட்டைய எவன் கேள்வி கேப்பான்? மொதலாளி சாமிக்குப் பயந்தவரு. அந்தப் பய வாயத் தொறக்க முடியாது. மொட்டையில நரை ஏது?”

மகள் பஞ்சைக் கீழே வைத்தாள். “எம்மா, நீ செத்த நேரம் சும்மா இரேன். எனக்குப் படிப்பு வேண்டாம்.”

“வேண்டாம்னு சொல்லுத வயசாடீ இது? வாய மூடு.”

யோசித்துப் பார்த்தேன். தப்பே இல்லாத திட்டம். எங்கள் ஊர்ப்பக்கம் நேர்த்திக்கடனுக்கு மொட்டை போட்ட பெண்ணைப் பார்த்து யாரும் சிரிக்க மாட்டார்கள்; கன்னத்தில் போட்டுக்கொண்டு வழிவிடுவார்கள். நான் சொன்ன எல்லா வழிகளிலும் இது இல்லை.

தோல் மூடியதும் மேலே ஆறிய இடம் பார்த்துச் சந்தனம் தடவி, மாதுளை நிறச் சேலை கட்டி, அத்தை கடைக்குப் போனார். தீபாவளிக்கு இன்னும் சில நாள் இருந்தன. காலையில் பஸ்ஸில் ஒரு பெரியவர் எழுந்து இடம் கொடுத்தார். அத்தை என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

சாயங்காலம் நான்தான் கேட்டேன்.

“மொதலாளி கல்லாவ விட்டு எந்திரிச்சு வந்துட்டாருடீ. எந்தக் கோயிலுன்னு கேட்டாரு. ஆத்தா காரியம், யாரும் ஒரு வார்த்த சொல்லப்படாதுன்னு எல்லாருக்கும் கேக்கச் சொன்னாரு. அந்தப் பய தலையத் தொங்கப் போட்டுட்டான்.”

“பொறவு?”

“பொறவென்ன. முடி வளர்ற வரைக்கும் மேல இருங்கம்மா, கீழ கூட்டத்துல நிக்க வேண்டாம், வளந்ததும் வாங்கன்னு சொன்னாரு. கையெடுத்துக் கும்பிட்டுக்கிட்டேதான் சொன்னாரு.”

அவர் கையில் பேல் கட்டும் இரும்புப் பட்டை கிழித்த கீறல் இருந்தது. இந்தமுறை கொசு என்று சொல்லவில்லை.

மார்கழியில் கம்பெனி ஆள் குளிர்கால அட்டையைக் கொண்டுவந்தார். அந்தப் பருவத்துக்கு முதல் பக்கம் சில்வர் ஆஷ். சாம்பல் பூசிய வெள்ளி நிறம். முதலில் கேட்டு வந்தது ஒரு மில் முதலாளி வீட்டுப் பெண், பெங்களூரில் வேலை பார்ப்பவள், விடுமுறைக்கு வந்திருந்தாள். கருப்பு முடியில் அந்த நிறம் நேராக ஏறாது. முதலில் உள்ளே இருக்கும் கருப்பை முழுவதும் எடுக்க வேண்டும், மஞ்சள் மிஞ்சும், அந்த மஞ்சளைக் கொல்ல ஊதாச் சாயம் வேண்டும், அதன்மேல்தான் சாம்பல். அலுமினியத் தாளில் மடித்து மடித்து வைத்து அவள் காத்திருந்தபோது அத்தை உள்ளே வந்தார். அன்று அவருக்கு மறுபடி வார விடுமுறை.

முக்காட்டை இறக்கினார். ஒரு விரற்கடை வளர்ந்திருந்தது. ஒரு கருப்பு இழைகூட இல்லை. தழும்பிருந்த இடங்களில் வழுக்கையாக இரண்டு திட்டு.

“இத ஒழுங்கு பண்ணி விடு. நாளைக்கு மொதலாளிட்ட கேக்கப் போறேன். வளந்ததும் வான்னு சொன்னாருல்லா.”

தாளுக்குள் தலையை வைத்திருந்த பெண் கண்ணாடி வழியே பார்த்தாள். “வாவ், ஆன்ட்டி. நேச்சுரலாவா? எனக்கு இந்த ஷேடுதான் வேணும். அக்கா, இதே ஷேடு.”

அத்தைக்கு விளங்கவில்லை. நான் அட்டையை எடுத்துக் காட்டினேன். அவர் அந்தக் குட்டி வாலை விரலால் நீவி, அதைத் தன் காதோரம் வைத்துக் கண்ணாடியில் பார்த்தார். வித்தியாசமே இல்லை. உடம்பு குலுங்கச் சிரித்தார். “ஏட்டி, சிறுக்கி, இத ஐப்பசியிலேயே காட்டிருக்கக் கூடாது? அந்தப் பயட்ட, இது ட்ரெண்டுடா, ஒனக்கு என்ன தெரியும்னு கேட்டிருப்பேனே.” பார்லர் அக்காவும் சிரித்தார். அந்தப் பெண்ணும் எதற்கென்று தெரியாமல் சிரித்தாள். நான் டைமரைப் பார்த்தேன். தாளைப் பிரிக்க நேரமிருந்தது.

அத்தைக்கு நான் வெட்டியது இதுவரை நான் வெட்டியதிலேயே நல்ல வெட்டு. பிடரியில் ஒட்ட, உச்சியில் கொஞ்சம் விட்டு, திட்டுகள் மறையும்படி முன்பக்கம் சாய்த்தேன். அக்கா பணம் வாங்கவில்லை. பூ வைக்க முடி இல்லாததால், போகும்போது வாங்கிய மல்லிகையை அத்தை கைப்பையில் கட்டிக்கொண்டார்.

மறுநாள் மாலை பஸ்ஸில் அதே மல்லிகை பையிலேயே வாடியிருந்தது.

“பொங்கல் கழிச்சுப் பாப்போம்னு சொல்லுதாவ.”

இருவரும் நின்றுகொண்டே வந்தோம். ஓர் இடம் காலியாக இருந்தது. உக்காருங்க என்று நானும் சொல்லவில்லை, நீ உக்காரு என்று அவரும் சொல்லவில்லை.

பொங்கல் முடிந்தது. மேல்மாடியில் வேலை குறைந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். காலை பஸ்ஸில் அவர் இல்லை. இரண்டு முறை அறைக்குப் போய்ப் பார்த்தேன், பூட்டியிருந்தது. கான்சாபுரத்துக்குப் போயிருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். போனில் கேட்டால், இருக்கேன்டீ, நல்லா இருக்கேன் என்பார்.

பங்குனியில் ஒரு நாள் சாயங்காலம் ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். சத்திரப்பட்டி பஸ்ஸிலிருந்து பேண்டேஜ் துணி ஃபேக்டரிப் பெண்கள் இறங்கினார்கள். எல்லோர் தலையிலும் புருவத்திலும் பஞ்சு. கூட்டமாக வரும்போது யார் கிழவி, யார் குமரி என்று தெரியாது. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபின்தான் யாரோ என் தோளைத் தட்டினார்கள்.

அத்தை. அவருக்குப் பின்னால் மகள்.

“ஆஸ்டல்ல இருந்து கூட்டிட்டு வந்துட்டேன். அடுத்த வருசம் பாத்துக்கலாம்னு சொல்லிருக்கு காலேஜுல,” என்றார். நான் கேட்காமலேயே. “ரெண்டு பேரும் ஒரே ஷிப்ட். எல்லாரும் தலையில துணி கட்டித்தான் உள்ள போகணும். கருப்பா வெளுப்பான்னு ஒருத்தரும் கேக்கல. துணி கட்டுனாலும் இந்தப் பஞ்சு எங்கிட்டுத்தான் நுழையுதோ.”

மகள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். இடுப்புக்குக் கீழே தொங்கிய பின்னலைச் சுருட்டிக் கொண்டை போட்டிருந்தாள். அதன்மேல் பஞ்சு பனி மாதிரி மூடியிருந்தது. என் கை சும்மா இருக்கவில்லை. பையிலிருந்து சீப்பை எடுத்து அவள் தலையில் பட்டும் படாமலும் இழுத்தேன். பஞ்சு உருண்டு உருண்டு வந்தது. உள்ளே கருகருவென்று இருந்தது. அவள் திரும்பவில்லை, தலையை மட்டும் கொஞ்சம் சாய்த்துக் கொடுத்தாள்.

பிறகு அத்தைக்கு. பிடரியில் இருந்தது வந்துவிட்டது. காதோரத்துக் கொஞ்சம் வெள்ளை மட்டும் எவ்வளவு இழுத்தும் வரவில்லை. விளக்கு மங்கல். நகத்தால் கிள்ளி எடுக்கப் பார்த்தேன்.

“ஏட்டி, விடு,” என்றார் அத்தை. “அது என்னுது.”